உன் ஊருக்கு ஒரு அளவு ப்ளவுஸ்

பழைய வண்ணாரப்பேட்டை,
ஞாயிறு, மத்தியானம்.

பாப்பா,

நாங்கள் நலம். நைனாவுக்கு முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? குளிர் விட்டதா?

போன வாரம் போனில் சிரித்துக்கொண்டே ஒன்று கேட்டாய். "எல்லார் வீட்டு அம்மாவும் காலைல ரோஜாப்பூ அனுப்பறாங்க. நீ ஏம்மா தினம் ஒரு மேப் அனுப்பற?" அதற்குள் இங்கே குக்கர் கூவியது, அங்கே உனக்குத் தூக்கம் சொக்கியது. பதில் சொல்லாமலே வைத்துவிட்டேன். ப்ளவுஸ் பார்சல் எப்படியும் அனுப்பப் போகிறேன், அதோடு நாலு பக்கம் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பார்சலில் ஊறுகாய் இல்லை. உங்கள் ஊரில் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று நீயே என்னைப் பயமுறுத்தி வைத்திருக்கிறாய்.

நீ ஏரோப்ளேன் ஏறின மறுவாரம் பாரிமுனை பிளாட்பாரத்தில் ஒரு உலக மேப் வாங்கினேன். லேமினேஷன் போட்டது. மிஷினுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன், தைத்துக்கொண்டே தலையைத் தூக்கினால் நீ இருக்கிற இடம் தெரியட்டும் என்று. மாட்டிவிட்டுத் தேடுகிறேன், தேடுகிறேன், நியூசிலாந்தே இல்லை. ஆஸ்திரேலியா இருக்கிறது, அதற்கு வலப்பக்கம் கொஞ்சம் நீலம், அப்புறம் சட்டம், அப்புறம் சுவர். மேப்பை எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். "அது ஒன்னு ரெண்டு தீவும்மா, பிரிண்டுல கட் ஆயிருக்கும்" என்றார் கடைக்காரர். பெற்ற பெண்ணை அனுப்பி வைத்த நாடு பிரிண்டில் கட் ஆகிவிட்டது என்றால் எனக்கு எப்படி இருக்கும்? காசையும் திருப்பித் தரவில்லை.

இது உலகம் பூரா நடக்கிற கதை என்று பிறகுதான் தெரிந்தது. 2018ல் உங்கள் ஊர் சுற்றுலாத் துறையே 'எங்களை மேப்பில் போடுங்கள்' என்று ஒரு தமாஷ் வீடியோ விட்டது, அன்றைய பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்னே அதில் வருவார். சரி, பிரதமருக்கே அந்தக் கதி என்று மனசைத் தேற்றிக்கொண்டு, துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்துச் சட்டத்துக்கு வெளியே சுவரிலேயே உன் நாட்டை வரைந்தேன். புளியங்கொட்டை மாதிரி இரண்டு. நைனா பார்த்துவிட்டு, "இவ்ளோதானா? சிலோனை விடச் சின்னதா வரஞ்சிருக்க" என்றார். அங்கேதான் எனக்குப் பித்து பிடித்தது. எவ்வளவு பெரிசாக வரைய வேண்டும்?

மாடி வீட்டுப் பெண், பிளஸ் ஒன் படிக்கிறதே, அது பார்த்துச் சொன்னது: 2,68,021 சதுர கிலோமீட்டர். இந்த நம்பரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஒன்றும் ஓடவில்லை. "நம்ம தமிழ்நாடு எவ்ளோடி?" என்றேன். 1,30,058. அதாவது இரண்டு தமிழ்நாடு, அதற்கு மேல் ஒரு துண்டு. அப்போதுதான் எனக்குள் ஏதோ அசைந்தது. நைனா சொன்ன சிலோனுக்கு 65,610தான். புளியங்கொட்டையை அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன்.

நான் முப்பத்தைந்து வருஷமாக ப்ளவுஸ் தைக்கிறேன். எத்தனை பேர் வந்து "முப்பத்தி நாலு" என்று நம்பர் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? விரல் விட்டு எண்ணலாம். எல்லோரும் கையில் ஒரு பழைய ப்ளவுஸைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள். "அளவு ப்ளவுஸ் இந்தா இருக்கு. இதை விட கை கால் இஞ்ச் லூஸு, இடுப்பு இதே டைட்டு." அதுதான் அளவு. டேப்பில் முப்பத்தி நாலு என்று எழுதி வைத்தாலும் அந்த ப்ளவுஸை மேசையில் விரித்து உள்ளங்கையால் நீவும்வரை அந்தப் பொம்பளையின் உடம்பு எனக்குப் பிடிபடாது. நாடும் அப்படித்தான் போலிருக்கிறது. நம்பர் வாயில் நிற்கும், தெரிந்த ஒன்றின் மேல் போட்டுப் பார்த்தால்தான் கைக்கு வரும்.

அதனால் அந்தப் பெண்ணிடம் சொல்லி, தமிழ்நாட்டையும் உன் நாட்டையும் ஒரே அளவுத் திட்டத்தில் பிரிண்ட் எடுத்து வரச் சொன்னேன். நியூஸ் பேப்பரில் வைத்து இரண்டையும் பேட்டர்ன் மாதிரி வெட்டினேன். தமிழ்நாட்டை வெட்டுவது சுலபம், வேதாரண்யத்து மூக்கும் ராமேஸ்வரத்து வாலும்தான் கத்தரிக்கு அடங்கவில்லை. உன் நாடு பொல்லாதது. கரை முழுக்கக் கிழிசல், கீழ்ப்பக்கம் ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டின மாதிரி. வெட்டி முடித்து மேலே மேலே வைத்தேன். நீ இருக்கிற வடக்குத் தீவு தமிழ்நாட்டை விடக் கொஞ்சம் டைட். தெற்குத் தீவு கொஞ்சம் லூஸ். ஆளுக்கொரு தமிழ்நாடு என்று வைத்துக்கொள்ளேன். நீளத்தில்தான் ஏமாந்தேன்: உன் நாடு தலையிலிருந்து கால்வரை சுமார் 1,600 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் காலை வைத்துப் படுக்க வைத்தால் தலை நாக்பூரைத் தாண்டிப் போகும்.

அன்று மத்தியானம் ஒரு பட்டு ப்ளவுஸுக்கு ஹெம்மிங் பாக்கி இருந்தது, சாயந்திரம் கல்யாணம். அந்த அம்மா வந்து கதவைத் தட்டும்போது நான் தமிழ்நாட்டைத் தெற்குத் தீவின் மேல் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். வசவு வாங்கினேன். இப்போது சொன்னால் உனக்குச் சிரிப்பாக இருக்கும்.

அதிலிருந்துதான் இந்தப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். உனக்கு முதலில் அனுப்பினது கிரீன்லாந்து படம், நினைவிருக்கிறதா? சுவரில் இருக்கிற மேப்பில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு இருக்கும். நிஜத்தில் ஆப்பிரிக்கா அதைப் போல் 14 மடங்கு. நம் இந்தியாவே கிரீன்லாந்தைப் போல் ஒன்றரை மடங்கு. 32 லட்சத்து 87 ஆயிரம் எங்கே, 21 லட்சத்து 66 ஆயிரம் எங்கே! மேப் போட்டவன் பொய் சொல்லிவிட்டான் என்று நான் கத்த, நைனா சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். ஹார்பரில் டக் போட்டில் லஸ்கராக இருந்த மனுஷன், கடல் விஷயத்தில் விட்டுக் கொடுப்பாரா? (எங்கள் கல்யாணம் ஆன புதிதில் அவர் "டக்" என்றால் கப்பலை இழுக்கிற படகு, நான் "டக்" என்றால் ப்ளவுஸில் பிடிக்கிற மடிப்பு. ஒரு வாரம் வேறு வேறு பேச்சு பேசிக்கொண்டிருந்தோம்.)

அவர் சொன்னது இது. அந்த மாதிரி மேப்பை 1569ல் மெர்கேட்டர் என்பவர் போட்டது மாலுமிகளுக்காக. சார்ட்டில் இங்கிருந்து அங்கே ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தால், அந்தக் கோட்டின் திசையிலேயே காம்பஸ் முள்ளை மாற்றாமல் போய்ச் சேரலாம். "நடுக்கடல்ல போறவனுக்கு கிரீன்லாந்து எவ்ளோ குண்டுன்னு எதுக்குடி? எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரிஞ்சா போதும்." கப்பலுக்குத் தைத்த சட்டையைப் பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டினது யார் தப்பு என்பது அவர் கட்சி.

ஆனால் ஏன் அப்படி வீங்குகிறது என்பதை அவருக்கு நான்தான் விளக்கினேன். ஆறு பீஸ் உள்பாவாடை தைத்துக் காட்டியிருக்கிறேனே உனக்கு. உலக உருண்டையும் பீஸ் வைத்துத்தான் செய்கிறார்கள், பெரும்பாலும் 12 பீஸ். நடுவில் அகலமாக, இரண்டு முனையிலும் ஊசியாகக் கூம்புகிற காகிதத் துண்டுகளைப் பந்தின் மேல் ஒட்டுவார்கள். அந்தப் பன்னிரண்டையும் உரித்துத் தரையில் வரிசையாக வை. நடு இடுப்பில் ஒன்றோடொன்று தொடும். மேலே போகப் போக இடைவெளி விழும். மேப் என்றால் இடைவெளி இருக்கக் கூடாதே, அதனால் மேல்பக்கத்தைப் பக்கவாட்டில் இழுத்து ஒட்ட வேண்டும். பக்கவாட்டில் மட்டும் இழுத்தால் நாடெல்லாம் நசுங்கின மாதிரி ஆகும், திசையும் கெட்டுவிடும். ஆகவே அதே கணக்கில் உயரத்திலும் இழுக்க வேண்டும். பூமத்திய ரேகையிலிருந்து 60 டிகிரி மேலே போனால் அகலம் 2 மடங்கு, உயரம் 2 மடங்கு, ஆக இடம் 4 மடங்கு. அதற்கு மேலே கேட்கவே வேண்டாம். நாம் இடுப்புப் பக்கம் இருக்கிறோம், அதனால் நம்மை யாரும் இழுக்கவில்லை, உள்ளது உள்ளபடி நிற்கிறோம். உருண்டையைத் தட்டையாக்கினால் எங்கோ ஒரு இடத்தில் சுருக்கமோ இழுப்போ வந்தே தீரும். டக் பிடிக்காமல் தட்டைத் துணியில் ப்ளவுஸ் தைத்துக் கொடு என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேனோ அதுதான்.

இதில் எனக்கு வயிறு குளிர்ந்த படம் ஒன்று உண்டு. இங்கிலாந்து, அதாவது ஸ்காட்லாந்து, வேல்ஸ் எல்லாம் சேர்க்காமல் வெறும் இங்கிலாந்து, 1,30,279 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு பெரிய ஏரி அளவுதான். நம்மூர் அளவே உள்ள ஒரு ஊரிலிருந்து வந்து கோட்டை கட்டி, வடக்கே நம் ஜனங்கள் இருந்த பகுதிக்குக் கறுப்பர் நகரம் என்று பேர் வைத்து, கம்பெனி துணியை வெளுக்க வண்ணார்களைக் கொண்டுவந்து குடியேற்றி, அந்தப் பேட்டையில் உட்கார்ந்து நான் இன்று தைத்துக்கொண்டிருக்கிறேன். படிக்கிற காலத்தில் மேப்பில் இங்கிலாந்தை ஏதோ பெரிய தேசம் என்று நினைத்திருந்தேன். மேலே இருந்ததால் அவர்களையும் கொஞ்சம் இழுத்துவிட்டிருக்கிறார்கள் என்று இப்போதுதானே தெரிகிறது.

பரப்பு மட்டும் இல்லை. தூரத்தை வைத்துப் போடுகிற படங்களும் இருக்கின்றன. அதில்தான் நைனா அழுதார். அழுதார் என்று எழுதினால் சண்டைக்கு வருவார், கண் கலங்கினது என்று வைத்துக்கொள். உங்கள் ஆயா 1964ல் ரங்கூனிலிருந்து கப்பல் ஏறி வந்தவர் என்பது உனக்குத் தெரியும். கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது கையில் ஒரு பித்தளை அண்டாவும் நாலு வயசுப் பிள்ளையுமாக இறங்கினவர். காசிமேட்டுக் கரைக்கு வந்தால் நேராகக் கையை நீட்டி, "அக்கரைல நம்ம ஊரு" என்பார். சும்மா ஆற்றாமையில் சொல்கிறார் என்று நினைத்திருந்தோம். கடற்கரையில் நின்று நேரே பார்த்தால் எதிரே எந்த நாடு என்று காட்டுகிற படம் ஒன்று வந்தது. காசிமேட்டிலிருந்து பிசகாமல் கிழக்கே போனால் முதலில் வட அந்தமான், திக்லிப்பூர் பக்கம். அதையும் தாண்டினால் பர்மாவின் தெற்கு வால், தவாய்க்குக் கொஞ்சம் கீழே. ரங்கூன் அதற்கு வடக்கே. ஆயாவின் கை இடப்பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான் பிசகு. அதோடு இன்னொன்று: இங்கிருந்து நேர்க்கோட்டில் ரங்கூனும் டெல்லியும் ஏறக்குறைய ஒரே தூரம். இரண்டும் 1,750 கிலோமீட்டர் சுமார். "எங்கம்மா டெல்லி தூரம் வரைக்கும்தான் போயிருந்தாங்களா?" என்று நைனா இரண்டு தடவை கேட்டார். அன்று சாயந்திரம் முட்டி வலியையும் பார்க்காமல் பீச் ஸ்டேஷன் பக்கம் நடந்து போய் பர்மாக்காரர் கடையில் அத்தோ நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும் சாப்பிட்டுவிட்டு வந்தார். எனக்கு வாங்கிவரவில்லை.

நீ எங்களிடமிருந்து பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆறு ரங்கூன். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

போன மாதம் அனுப்பின தலைகீழ் மேப்புக்கு நீ பதிலே போடவில்லை. 1979ல் ஒரு ஆஸ்திரேலியாக்காரர் தெற்கை மேலே வைத்து அச்சிட்ட மேப் அது. அதில் உன் நாடு உச்சியில் கிரீடம் மாதிரி இருக்கும். பூப்போட்ட துணியில் பூவைத் தலைகீழாக வெட்டிவிட்டால் கஸ்டமர் வாங்க மாட்டாள், அது நிஜமான தப்பு. உருண்டைக்கு ஏது மேலும் கீழும்? வடக்கு மேலே என்பது பழக்கம். நம் தமிழையே எடுத்துக்கொள்: கிழக்கு என்பது கீழ் என்பதிலிருந்து வந்தது, மேற்கு என்பது மேல். மலை மேற்கே, கடல் கிழக்கே, தண்ணீர் ஓடுகிற பக்கம் கீழ். நம் முன்னோர் ஒரு மேப் மாட்டியிருந்தால் குடகு மலையை உச்சியில் வைத்து, வண்ணாரப்பேட்டையைக் கடலோடு அடியில் வைத்திருப்பார்கள். இப்போது இருக்கிற மேப்பில் வட சென்னைதான் தென் சென்னைக்கு மேலே. மழைத் தண்ணீர் நிற்கிற கணக்கில் மட்டும் கீழே. 2023 டிசம்பர் புயலில் வீட்டுக்குள் வந்த தண்ணீரில் என் மேப்பின் அடிப்பக்கம் உரிந்து அண்டார்டிகா போய்விட்டது. உன் நாடு சுவரில் உயரமாக இருந்ததால் தப்பித்தது.

மாடி வீட்டுப் பெண் இன்னொன்று சொல்லிச் சிரித்தது. சின்னப் பிள்ளையில் நீ வாசலில் குழி தோண்டி அமெரிக்கா போகப் போகிறேன் என்பாயே. இங்கே தோண்டினால் நேர் எதிர்ப்பக்கம் பசிபிக் தண்ணீர்தான், தரையே இல்லை. ஹாமில்டனில் உன் வாசலில் தோண்டினால் ஸ்பெயின் நாட்டு கோர்தோபா ஊர் வரும், கிட்டத்தட்ட அச்சாக. 2020 ஜனவரியில் ஆக்லாந்தில் ஒரு பையனும் ஸ்பெயினில் ஒருவரும் நேரம் பேசி வைத்துக்கொண்டு தரையில் ஆளுக்கொரு ரொட்டித் துண்டு வைத்து, நடுவில் பூமியை வைத்து சாண்ட்விச் செய்தார்களாம். படித்த பிள்ளைகள் செய்கிற காரியமா! ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

இதெல்லாம் பார்த்துப் பார்த்து ஒன்று தெரிந்துகொண்டேன், எந்த ப்ளவுஸை அளவாகக் கொடுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இடத்தை வைத்துப் பார்த்தால் நீ இரண்டு தமிழ்நாட்டில் இருக்கிறாய். ஆளை வைத்துப் பார்த்தால்? 2011 கணக்கெடுப்பில் சென்னையும் சுற்றுப்புறமும் 86 லட்சம் பேர். உங்கள் 2023 கணக்கெடுப்பில் மொத்த நாட்டுக்கே 50 லட்சம் நிரம்பவில்லை. உன் நாட்டையே பெரம்பூரிலிருந்து தாம்பரம்வரை உட்கார வைத்துவிடலாம், மீதி இடத்தில் ஆட்டைக் கட்டலாம். 1982ல் 7 கோடி ஆடு இருந்ததாம், இப்போது குறைந்துபோயும் ஆளுக்கு நாலுக்கு மேல் வருகிறது. இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு உன் வீட்டு ஓனர் ஏன் வருஷா வருஷம் வாடகை ஏற்றுகிறார் என்று நைனா கேட்கிறார். ரஷ்யாவையும் பங்களாதேஷையும் பக்கத்தில் வை: இடத்தில் யானையும் எறும்பும், ஜனத்தில் பங்களாதேஷ்தான் அதிகம். 2013ல் ஒருவர் ஆசியாவின் மேல் ஒரு வட்டம் போட்டு, உலக ஜனத்தில் பாதிக்கு மேல் இந்த வட்டத்துக்குள்தான் என்று காட்டினார். இந்தியா, சீனா, இந்தோனேசியா, ஜப்பான் எல்லாம் உள்ளே. நாங்கள் உள்ளே. நீ வெளியே. அந்தப் படத்தை மட்டும் உனக்கு அனுப்பவில்லை.

உன்னிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். வெலிங்டனில் டெ பாப்பா என்று ஒரு மியூசியம் இருக்கிறது. (பேரைப் படித்ததும் உன்னைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.) அதில் ஒரு வெண்கல மணி வைத்திருக்கிறார்கள், தமிழ் எழுத்து பொறித்தது. முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் இருக்கிறது. 1836 வாக்கில் கொலென்சோ என்ற மிஷனரி வடக்குத் தீவில் வாங்கரே பக்கம் அந்த ஊர்ப் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்களிடம் அதைப் பார்த்திருக்கிறார். அவர்கள் மணியைக் கவிழ்த்து அதில் உருளைக்கிழங்கு வேக வைத்துக்கொண்டிருந்தார்களாம்! எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நீ போவதற்குக் கிட்டத்தட்ட இருநூறு வருஷம் முன்னால் நம் எழுத்து அங்கே அடுப்பில் இருந்திருக்கிறது. நைனாவிடம் சொன்னபோது, "மணியை எவனாவது கழட்டுவானா? கப்பலே போயிருக்கும்" என்றார் ஒரே வார்த்தையில். நான் சுவரில் சாக்கால் வரைந்த வடக்குத் தீவில் அந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்தியிருக்கிறேன்.

மணி 13 சென்டிமீட்டர் உயரம் என்று போட்டிருக்கிறது. என் கையால் அளந்தால் அரை சாணுக்குக் கொஞ்சம் மேலே. நீ போய்ப் பார்த்தால் கண்ணாடிக்கு இப்பக்கம் உன் கையை வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

ப்ளவுஸ் நாலும் நீ விட்டுப் போன மெரூன் ப்ளவுஸை வைத்துத்தான் தைத்திருக்கிறேன். அது மூன்று வருஷத்துப் பழசு. வீடியோவில் பார்த்தால் கை கொஞ்சம் பூசினாற்போல் தெரிகிறது, குளிரில் போட்ட ஸ்வெட்டரா இல்லை நிஜமாகவே சாப்பிடுகிறாயா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எதற்கும் பக்கத்தில் ஒரு இஞ்ச் துணி உள்ளே விட்டு மூன்று தையல் போட்டிருக்கிறேன். டைட்டாக இருந்தால் உள் தையலை மட்டும் பிரி. கத்தரியால் இழுக்காதே, பிளேடை வைத்து ஒவ்வொரு நூலாக எடு. பிரித்தாயா இல்லையா என்று மட்டும் எனக்குச் சொல்.

அம்மா